சென்ற் அன்ட்ரூஸ் கடலோரத் திடல்

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையிலே, வடகடலை நோக்கி நீண்டு கிடக்கும் பைவ் என்னும் பகுதியின் ஓரத்தில், சென்ற் அன்ட்ரூஸ் என்றொரு சிறு நகரம் இருக்கின்றது. இடிந்துபோன பேராலயம் ஒன்று. 1413ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் பல்கலைக்கழகம் ஒன்று. சாம்பல் நிறக் கல்வீடுகள் அணிவகுத்த மூன்று பெருந்தெருக்கள். இவ்வளவே அந்நகரம் என்று சொல்லிவிடலாம். ஆயினும் கொல்ப் ஆடுவோர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், வாழ்நாளில் ஒரு தடவையேனும் அவ்வூரை மிதித்துவிட வேண்டும் என்று ஏங்குவர்.

எடின்பரோவிலிருந்து புறப்படும் புகையிரதம், 1890இல் திறக்கப்பட்ட போர்த் பாலத்தின் பெரிய உருக்கு வளைவுகளுக்குள் நுழைந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ் என்னும் நிலையத்தை அடைகின்றது. ஊருக்குள் சென்ற இருப்புப்பாதை 1969இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே எஞ்சிய சில மைல்களைப் பேருந்தில் கடந்தோம். கடைசித் திருப்பத்தில் இடதுபுறம் பார்த்தபோது, புல் மூடிய மேடு பள்ளங்களும், அவற்றுக்கு அப்பால் கடலும் தெரிந்தன. ‘பழைய திடல்’ என்று எல்லோரும் அழைக்கும் இடம் அதுதான். பார்த்த மாத்திரத்தில் அதிலே பெருமைப்பட ஒன்றுமில்லை. மரங்கள் இல்லை; பூஞ்செடிகள் இல்லை; யாரோ உழாமல் விட்டுவிட்ட மேய்ச்சல் தரை போலவே அது கிடந்தது.

உண்மையும் ஏறக்குறைய அதுவே. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே அலையும் காற்றும் குவித்த மணல் நிலத்தை ஸ்கொத்லாந்தர் ‘லிங்க்ஸ்’ என்பர். வடமராட்சி மணற்காட்டின் மணற்குன்றுகளைப் பார்த்தவர்கள், அவற்றின்மீது கட்டையான புல் படர்ந்தாற்போல எண்ணிக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும். அம்மண்ணில் தானியம் விளையாது. ஆடு மேயலாம்; முயல் வளை தோண்டலாம். பெய்த மழை உடனே வடிந்துவிடுவதால் தரை இறுகி நிற்கும். புல் குட்டையாய் முளைக்கும். உருட்டிய பந்து வெகுதூரம் ஓடும். வேறொன்றுக்கும் உதவாத நிலம் என்பதாலேயே அது விளையாட்டுக்கு வாய்த்தது. இங்கே திடலை வகுத்த சிற்பி இவர் என்று ஒருவரையும் சுட்ட இயலாது. கடுங்காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் ஒதுங்கிப் படுத்த பள்ளங்களே பின்னாளில் மணற்குழிகள் ஆயின என்பர்.

அம்மணற்குழிகளுக்கு ஆங்கிலத்தில் ‘பங்கர்’ என்று பெயர். அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருக்கு வேறொரு குழி நினைவுக்கு வரும். தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, விமானச் சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளோடு இறங்கிய குழி அது. ஆதலால் இக்கட்டுரையில் மணற்குழி என்றே எழுதுகின்றோம்.

எம்மோடு வந்த நண்பரைப் பற்றி இரண்டு வார்த்தை கூறவேண்டும். அவர் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிறு வயதில், பாடசாலை இல்லாத நாட்களில், அயலிலிருந்த கொல்ப் திடலொன்றில் துரைமாரின் கோற்பையைச் சுமந்து நடந்தவர். அவ்வேலை செய்வோரைக் ‘கெடி’ என்பார்கள். கிடைத்த சில்லறையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, உடைந்த கோலொன்றை வைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கிடையே ஆடப் பழகியதாகச் சொல்வார். பை சுமக்கும் பையன் திடலுக்குள் ஒரு பந்தை அடிக்க அனுமதியில்லை. இப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. இலண்டனில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற் அன்ட்ரூஸில் நூறு அடிகளுக்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்பது அவரது நெடுநாளைய விருப்பம்.

உலகப் புகழ்பெற்ற இத்திடலுக்குள் நுழையச் சீமான்களின் சிபாரிசு வேண்டுமோ என்று வாசகர் ஐயுறலாம். வேண்டியதில்லை. திடலின் அருகே கோட்டை போல நிற்கும் ரோயல் அன் ஏன்சியன்ற் கழகம் 1754இல் தோன்றியது. அது தனியார் கழகம். 2014ஆம் ஆண்டு வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்காதிருந்த கழகம். ஆனால் திடல் அக்கழகத்தின் சொத்தன்று. அது பொது நிலம். 1974 முதல், பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம் ஒன்று அதனைப் பராமரிக்கின்றது. ஊரவர் குறைந்த கட்டணத்தில் ஆண்டுச்சீட்டுப் பெற்று ஆடுகின்றனர். வெளியூரார், தம் ஆட்டத் தகுதிக்குச் சான்று காட்டி, இரண்டு நாட்களுக்கு முன்னர் பெயர் கொடுத்தால், திருவுளச்சீட்டு முறையில் இடம் கிடைக்கலாம். கட்டணம் மட்டும் மலிவன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை நாம் இருவரும் பெயர் கொடுத்தோம். அன்று மாலையே வியாழக்கிழமைக்கான பட்டியலில் எம் பெயர்கள் இருந்தன.

இந்தப் பொது உரிமை எளிதில் வந்ததன்று. 1457இல் ஸ்கொத்லாந்தின் பாராளுமன்றம் கொல்ப்பையும் உதைபந்தாட்டத்தையும் தடை செய்தது. இளைஞர் வில்வித்தையை மறந்துவிடுகிறார்கள் என்பதே காரணம். சுமார் நூறு ஆண்டுகளின் பின், 1552இல், பேராயர் ஹமில்ற்றன் ஒரு சாசனத்தின் மூலம் இம்மணல்வெளியில் விளையாடும் உரிமை ஊர் மக்களுடையதே என்று உறுதி செய்தார். 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகர் கைக்குப் போயிற்று. முயல்கள் திடலெங்கும் வளை தோண்டின. ஆட்டக்காரர் முயல்களைக் கொன்றனர். முயற்காரர் ஆட்டக்காரரோடு மல்லுக்கு நின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கும் கைகலப்பும் தொடர்ந்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் நிலத்தை வாங்கி, முயல்களை அகற்றி, ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் மற்றொரு சட்டத்தின்படி நிலம் மீண்டும் நகரசபையிடம் வந்து சேர்ந்தது. முயலை எதிர்த்து ஓர் ஊர் இத்தனை காலம் போராடிய செய்தி வேறெங்கும் உண்டோ என நாம் அறியோம்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு முதலாம் குழியின் தொடக்க மேடையில் நின்றோம். இருவரது பைகளையும் சுமக்க இரு இளைஞர் வந்தனர். இருவரும் விடுமுறையில் வேலை பார்க்கும் மாணவர். நண்பர் தம் பையைக் கொடுக்கச் சற்றுத் தயங்கினார். “கொடுங்கள் ஐயா, என் வேலை அது” என்று இளைஞன் சிரித்தான்.

முதலாவது குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் பொதுவான புல்வெளி மிக அகன்றது. எந்தப் பக்கம் அடித்தாலும் பிழையில்லை என்றே தோன்றும். அதன் நடுவே பொதுத்தெரு ஒன்று குறுக்கிடுகின்றது. கடற்கரைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளோடு அவ்வழியே கடந்து சென்றனர். அவர்கள் போகும்வரை நாம் கோலை ஊன்றிக் காத்து நின்றோம். அதன் பின்னர்தான் எமக்குச் சோதனை தொடங்கிற்று. பந்து விழவேண்டிய புற்றரைக்கு முன்னால் ஸ்வில்கன் என்னும் சிற்றோடை பாம்பு போல வளைந்து கிடக்கின்றது. காற்று எதிரே வீசினால் பந்து அதற்குள்ளே. பின்னே வீசினால் புற்றரையைத் தாண்டி அப்பாலே.

காற்றைப் பற்றி நூல்களில் படித்திருந்தோம். படிப்பது வேறு, அதில் நிற்பது வேறு. திடல் இடையன் கோலைப் போன்ற வடிவுடையது. ஈடன் ஆற்றின் முகத்துவாரம் வரை நேரே போய், அங்கே கொக்கி போல வளைந்து, போன வழியின் ஓரமாகவே திரும்பி வரவேண்டும். ஆகவே போகும்போது வலத்திலிருந்து தள்ளும் காற்று, வரும்போது இடத்திலிருந்து தள்ளும் என்பது கணக்கு. நாம் ஆடிய அன்று காற்றுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. அது நண்பகலில் திசை மாறிற்று. உயரே எழுந்த பந்தெல்லாம் காற்றின் பந்து; எம்முடையது அன்று. “தரையோடு உருட்டுங்கள் ஐயா” என்று இளைஞர் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தனர். உள்நாட்டுத் திடல்களில் மேலே தூக்கி அடித்துப் பழகிய கை, இங்கே முற்றிலும் வேறொரு பாடத்தைப் படிக்க வேண்டியிருக்கின்றது. இருபது யார் தள்ளி நிற்கும் பந்துக்கும், புற்றரைக்கு வெளியிலிருந்தே தட்டையான கோலால் உருட்டிவிடுவதே இங்கு விவேகம்.

இன்னுமொரு விசித்திரம்: பதினெட்டுக் குழிகளுக்கும் பதினெட்டுப் புற்றரைகள் இல்லை. நான்கு குழிகளுக்குத் தனிப் புற்றரை உண்டு; மற்றப் பதினான்கும் இரண்டிரண்டாக ஏழு பெரும் புற்றரைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்காளிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். இரண்டாம் குழியும் பதினாறாம் குழியும் ஒரு வீடு, ஐந்தும் பதின்மூன்றும் ஒரு வீடு, இப்படியே. ஐந்தாம் குழியின் புற்றரை முக்கால் ஏக்கருக்கு மேல் பரந்தது. போவோருக்கு வெள்ளைக்கொடி, வருவோருக்குச் சிவப்புக்கொடி. எதிரெதிரே வரும் இரு கூட்டத்தார் ஒரே முற்றத்தில் ஒருவரையொருவர் வணங்கி விலகிச் செல்வது பார்க்க இனிதாக இருந்தது.

மணற்குழிகளோ 112. அவற்றுட் பல கண்ணுக்குத் தெரிவதில்லை. நல்ல அடி, நடுவழியில் விழுந்த பந்து, போய்ப் பார்த்தால் குழிக்குள் கிடக்கும். இக்குழியை இங்கே வைத்தவன் யார் என்று கோபம் வருகின்றது. அதற்கும் ஒரு விடை உண்டு. முற்காலத்தில் இத்திடலை எதிர்த்திசையிலும் ஆடினர். அப்போது அக்குழி சரியான இடத்தில்தான் இருந்தது. பதினொன்றாம் குழி குறுகியது. ஒரே அடியில் எட்டலாம். ஆனால் புற்றரை காற்றுக்கு முதுகைக் காட்டிச் சரிந்து நிற்கும். இருபுறமும் ஆழ்ந்த குழிகள். 1921இல் அமெரிக்க இளைஞர் பொபி ஜோன்ஸ் இங்கே மணலுக்குள் மாட்டி, வெறுத்துப்போய், ஆட்டத்தையே கைவிட்டார். அதே மனிதர் 1927இல் இங்கே திறந்த போட்டியை வென்றார். 1930இல் தொழில்முறை சாராதோர் போட்டியையும் வென்றார். 1958இல் ஊரார் அவருக்கு நகரின் சுதந்திரக் குடிமகன் என்னும் சிறப்பை அளித்தனர். அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பென்ஜமின் பிராங்ளின் ஒருவரே.

பதினான்காம் குழியில் ‘நரகம்’ என்றே பெயர்பெற்ற பெருங்குழி உண்டு. அதன் சுவர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். இத்திடலில் 1970இலும் 1978இலும் வாகை சூடிய ஜக் நிக்லஸ், 1995இல் அதனுள் விழுந்து, வெளியேற நான்கு அடிகள் செலவிட்டு, அக்குழிக்கு மொத்தம் பத்து அடி எழுதிக்கொண்டார். நண்பர் அதனைச் சுற்றி வெகுதூரம் இடப்பக்கமாக ஒதுங்கி ஆடினார். ஓரடி கூடுதலாயிற்று, அதில் அவருக்கு வருத்தமில்லை. எம்முடைய கணக்கை இங்கே எழுதுவதால் வாசகருக்குப் பயன் ஏதுமில்லை.

நடக்கும்போது இளைஞரிடம் பழைய கதைகள் பல கேட்டோம். இவ்வூரின் பெரும் புகழுக்குரியவர் கழகத்துப் பிரபுக்கள் அல்லர். பை சுமந்தோரும் பந்து செய்தோருமே. டொம் மொரிஸ் 1821இல், நெசவாளி ஒருவரின் மகனாக இங்கே பிறந்தார். அலன் ரொபேட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழில் பயின்றார். அக்காலத்துப் பந்து, தோலுக்குள் அவித்த இறகுகளைத் திணித்துத் தைத்தது, விலை அதிகம். அதன்பின் மலாயாக் காடுகளின் மரப்பாலான கட்டாபேர்ச்சாவினால் பந்து வந்தது. அதுபற்றிய கதையொன்று நமக்குச் சுவையானது. இவ்வூர்க் குடும்பமொன்றுக்குக் கீழைநாட்டிலிருந்து விஷ்ணு சிலையொன்று வந்ததாம். அது உடையாதிருக்கப் பெட்டியில் இட்டு நிரப்பிய கட்டாபேர்ச்சாத் துண்டுகளை உருக்கியே முதற்பந்தை உருட்டினார்களாம். மெய்யோ பொய்யோ, திருமாலுக்கும் இவ்வாட்டத்துக்கும் அப்படியொரு தொடர்பு சொல்லப்படுகின்றது. மலிவான புதிய பந்து இறகுப்பந்துத் தொழிலைத் தின்றுவிடும் என்று ரொபேட்சன் சினந்தார், மொரிஸ் புதிய பந்தால் ஆடினார், இருவரும் பிரிந்தனர். மொரிஸ் நான்கு முறை திறந்த போட்டியை வென்றார். பின்னர் நெடுங்காலம் இத்திடலின் காவலராக இருந்தார். அவரது மகன் இளைய டொம்மும் நான்கு முறை வென்றவர். மனைவி பிரசவத்தில் இறந்த சில மாதங்களுக்குள், 1875ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, 24 வயதில் அவரும் இறந்தார். பேராலய வளாகத்து மயானத்தில் அவருடைய கல்லைக் காணலாம். இன்றும் ஆட்டக்காரர் சிலர் அங்கே பந்துகளை வைத்துவிட்டுச் செல்கின்றனர்.

பதினாறாம் குழியை முடித்தபோது நண்பரின் கணக்கு 89. மீதமுள்ள இரண்டையும் பத்தடிக்குள் முடித்தால் 99. ஆனால் முன்னே நின்றது பதினேழாம் குழி.

‘தெருக்குழி’ என்று பெயர் கொண்ட இக்குழியைப் போன்றதொரு கொடுமை கொல்ப் உலகில் அரிது. சாதாரண நாட்களில் 455 யார். பெரும்போட்டியில் 495 யார். முதலடியை, பழைய புகையிரதக் கொட்டகை நின்ற இடத்தில் அதே வடிவில் எழுப்பியிருக்கும் கட்டடத்தின் மேலாக, இலக்கைக் காணாமலே அடிக்க வேண்டும். புற்றரையோ ஒடுங்கியது, குறுக்காகக் கிடப்பது. அதன் முன்னே செங்குத்தான சிறு மணற்குழி; பின்னே தார்த்தெருவும் கல்மதிலும். குழிக்கு அஞ்சி நீட்டி அடித்தால் தெரு. தெருவுக்கு அஞ்சிக் குறைத்து அடித்தால் குழி. 1978இல் ஜப்பானிய வீரர் நகாஜிமா இரண்டே அடியில் புற்றரையை அடைந்தார். அங்கிருந்து உருட்டிய பந்து வளைந்தோடி மணற்குழிக்குள் இறங்கிற்று, வெளிவர நான்கு அடி, மொத்தம் ஒன்பது.

நண்பரின் மூன்றாவது அடியும் அக்குழியைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. பந்து சுவரடியில் ஒட்டிக் கிடந்தது. கொடி பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், தலைக்கு மேலே அசைந்துகொண்டிருந்தது. நேரே தூக்கி அடிக்கலாம் என்று எமக்குப் பட்டது. இளைஞன் வாய் திறக்கவில்லை. நண்பரின் முகத்தைப் பார்த்தான். நண்பர் குழிக்குள் இறங்கி, சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கொடிக்கு எதிர்த்திசையில் மெல்ல அடித்துப் பந்தை வெளியே போட்டார். “சரியான அடி” என்றான் இளைஞன். ஐந்தாவதில் புற்றரை; ஆறாவதில் குழிக்குள். கணக்கு 95. “பை சுமப்பவனுக்குத்தான் எப்போது பின்வாங்க வேண்டும் என்பது தெரியும், அடிப்பவனுக்குத் தெரியாது” என்று எம்மிடம் தமிழில் சொன்னார்.

கடைசிக் குழியில் நான்கே அடிகள் அவருக்கு இருந்தன. முதலடி நன்றாகவே போயிற்று. அடுத்து ஸ்வில்கன் ஓடையின்மேல் உள்ள சிறு கற்பாலத்தைக் கடக்க வேண்டும். நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஆடுமாடு ஓட்டிச் செல்லக் கட்டியது என்கிறார்கள். பெரிய வீரர்கள் தம் கடைசிப் போட்டியில் நின்று கையசைத்து விடைபெறுவது அதன்மீதுதான். பாலத்தருகே நண்பர் இளைஞனிடம் பையைக் கேட்டு வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போனபின் திருப்பிக் கொடுத்தார்.

புற்றரைக்கு முன்னால் உள்ள தாழ்ந்த பள்ளத்துக்குப் ‘பாவப் பள்ளம்’ என்று பெயர். 1970இல் டக் சான்டர்ஸ் என்பவர் அப்பள்ளத்துக்கு அஞ்சி நீட்டி அடித்து, முடிவில் மூன்றடித் தூரத்துப் பந்தைத் தவறவிட்டுப் பட்டத்தை இழந்தார். 1995இல் இத்தாலியரான ரொக்கா அதே பள்ளத்திலிருந்து உருட்டிய பந்து நேரே குழிக்குள் போயிற்று. நண்பரின் இரண்டாவது அடி அப்பள்ளத்திலே நின்றது. மூன்றாவது, மேட்டில் பாதி ஏறி, யோசித்து, அவர் காலடிக்கே திரும்பி வந்தது. நான்காவது ஏறிற்று. ஐந்தாவது குழிக்குள். வேலியோரம் வேடிக்கை பார்த்து நின்ற ஊரவர் நாலைந்து பேர் கைதட்டினர். “நூறும் ஒரு முழு எண்தானே” என்று சொல்லிக்கொண்டே நண்பர் கணக்கட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் ஆட்டம் இல்லை. ஆடுவோருக்கு ஓய்வு வேண்டாவிட்டாலும் நிலத்துக்கு வேண்டும் என்பது டொம் மொரிஸின் கொள்கையாம். அன்று அது ஊரவரின் உலாவெளி. நாய்களைக் கூட்டிக்கொண்டு முதியோர் வருகின்றனர். தள்ளுவண்டியில் குழந்தைகள் வருகின்றனர். பல்கலைக்கழக மாணவர் புத்தகத்தோடு வருகின்றனர். சற்றுத் தள்ளி, பெண்களுக்கென 1867இல் தொடங்கிய உருட்டுத்திடல் ஒன்று உண்டு. அதன் மேடு பள்ளங்களைப் பார்த்து ‘இமயமலை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். சில பவுண் கொடுத்தால் எவரும் ஆடலாம். தாத்தாவும் பேத்தியுமாகப் பலர் அங்கே ஆடிக்கொண்டிருந்தனர்.

அதற்கு அப்பால் மேற்கு மணற்கரை. இரண்டு மைல் நீளத்துக்குச் சற்றே குறைந்த வெண்மணல். ‘சாரியட்ஸ் ஒவ் பயர்’ என்னும் 1981ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இளைஞர் ஓடும் கரை இதுவே. இக்கரைக்கும் திடலுக்கும் இடையே மணற்குன்றுகள் மட்டும் காவல் நிற்கின்றன. புயற்காலங்களில் கடல் அவற்றைக் கடிக்கின்றது. உடைந்த இடங்களில் மணலைக் கொட்டி, புல்லை நட்டு, வேலியிட்டிருப்பதைக் கண்டோம். அரசரின் தடையையும் முயல்களையும் வென்ற நிலத்துக்கு இப்போது வழக்கு கடலோடு. கடல் எந்தச் சாசனத்தையும் மதிப்பதில்லை.

நண்பர் அன்று திடலில் மறுபடியும் நடந்தார். பதினேழாம் குழியின் மணற்குழி ஓரத்தில் நின்று, கொடி இருந்த இடம் வரை அடி வைத்து அளந்தார். எண்ணிக்கையை எம்மிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு மீண்டும் பெயர் கொடுத்திருந்தோம். மாலையில் பட்டியல் வெளிவந்தது. எம் பெயர்கள் அதில் இல்லை.